பாலத்துப் படத்துக்குப் பின்னால்

மணல் மூட்டைகள் மாடிக்கு ஏறியதோடு போன வாரம் விட்டோம். கதைக்குள் அதற்குப் பிறகு ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிட்டன. மூட்டைகள் இன்னும் மேலேதான் இருக்கின்றன. வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை, இன்ஜினியரைத் தவிர.

கதைக்கு நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. இன்ஜினியர் என்றால் இந்த வீட்டின் தலைவர். தெருவுக்கும் அவர் இன்ஜினியர், கட்டிய மனைவிக்கும் இன்ஜினியர். பாலைவனத்தில் பாலம், பனிமலையில் அணை, கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை என்று தேசம் தேசமாகப் போனவர். லீவில் வந்தால் பெட்டியை முழுசாகப் பிரிப்பதற்குள் கிளம்பிவிடுவார். வாசலில் டாக்ஸி ஹாரன் அடிக்கும்போது மனைவி அடுப்படியை விட்டு வர மாட்டாள். மகளைக் கூப்பிட்டு, "எத்தனை வருஷத்துக்காம்?" என்று மட்டும் கேட்பாள். அவரிடம் நேரே கேட்டதில்லை.

வேலையெல்லாம் ஓய்ந்து, இனி எந்தத் தேசமும் கூப்பிடாது என்று ஆன பிறகு, போன மாதம் ஒரேயடியாக வீட்டுக்கு வந்தார். கேட்டில் நின்று நிமிர்ந்து பார்த்தார். தான் வரைந்து கொடுத்த வீட்டின் தலையில், தான் வரையாத ஓர் அறை உட்கார்ந்திருந்தது.

அது அம்மாவின் அறை. இன்ஜினியருக்கு மனைவி, மகளுக்கு அம்மா, நமக்கும் அம்மாவாகவே இருக்கட்டும். அம்மா கடிகாரம் பழுது பார்ப்பவள். வெகுகாலம் அடுப்படி மூலையில், தாளிக்கிற புகைக்கு முதுகைக் காட்டியபடி, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்தாள். இன்ஜினியர் கடைசி வேலையில் ஊர்ப்பக்கமே வராமல் கிடந்த காலத்தில் மேஸ்திரியைக் கூப்பிட்டு மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். வடக்கே பெரிய ஜன்னல். வெயில் அடிக்காத வெளிச்சம். தூசி வராத கதவு.

"இடிச்சிடு" என்றார் இன்ஜினியர், ஷூவைக்கூடக் கழற்றாமல்.

"எதுக்கு?"

"தாங்காது."

"இத்தனை நாளும் தாங்கிட்டுத்தானே இருக்கு?"

அந்தக் கேள்விதான் வினையாகப் போனது. அவர் கை நீட்டிய இடத்தில் மலையைக் குடைந்திருக்கிறார்கள். எதிர்க் கேள்வி கேட்டு அவருக்குப் பழக்கம் இல்லை. "சரி, டெஸ்ட் பண்ணிடுவோம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அறையின் கூரைமேல் மணல் மூட்டைகளை அடுக்க வேண்டும். அறைக்குள்ளே, கூரைக்கு அடியில், முக்காலிமேல் ஒரு கருவி. கடிகாரம் மாதிரி வட்ட முகம், ஒற்றை முள். பாரத்தில் கூரை தொய்யத் தொய்ய முள் நகரும். அதன் கண்ணாடியில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துக் கொடுத்திருந்தார். முள் கோட்டைத் தாண்டினால் அறையை இடிக்க வேண்டும். தாண்டாவிட்டால் அவர் சாகிற வரைக்கும் அந்த அறையைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

அம்மா ஒப்புக்கொண்டாள்.

இனி இன்றைய காலை.

*

மகள் மாடி அறைக்குள் வந்தபோது அம்மா ஏற்கெனவே குளித்துத் தலை முடிந்து, கருவிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சுவர் முழுக்கப் பிறத்தியார் கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டின.

"பாப்பா, உன் கண்ணால பாரு."

மகளுக்குக் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு இன்னும் பாப்பாதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒரு லென்ஸை மாட்டி, "இது தெளிவா இருக்கா, இல்ல அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுவதும் கேட்கிற உத்தியோகம். கல்யாணம் முறிந்து வீடு திரும்பியவள். "போன சரக்கு ரிட்டர்ன்" என்று அதற்கு இன்ஜினியர் போனில் சொன்ன வார்த்தை இந்த வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை.

குனிந்து பார்த்தாள். முள் நகர்ந்திருந்தது, நிஜம்தான். ஆனால் சிவப்புக் கோட்டுக்கு வெகு தூரத்தில், அசதியாக நின்றுவிட்டது.

"ரீடிங் என்ன, மேடம்?"

கீழே படிக்கட்டின் அடியிலிருந்து இன்ஜினியரின் குரல். முட்டி வலி என்று சொல்லி, வந்த நாளிலிருந்து அவர் மாடிப்படி ஏறியதில்லை. அந்த அறையை அவர் உள்ளே வந்து பார்க்கவே இல்லை.

"கோட்டுக்கு உள்ளதான்ப்பா. பாதிகூட வரலை."

"ஒழுங்காப் பாத்தியா? மூக்குக்கண்ணாடி விக்கிறவ கண்ணை நம்பலாமா?"

"நீங்களே வந்து பாருங்களேன்."

கீழே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்து வந்து, லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, முள்ளுக்கு முகத்தைக் கொண்டுபோனாள். செத்துப்போன கடிகாரத்தில் ஒரு சக்கரம் அசைந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

"தாங்கிடுச்சு" என்றாள். லென்ஸை எடுத்த கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. "தாங்கிடுச்சு பாப்பா!"

கூரையிலிருந்து மேஸ்திரி தலையைக் கவிழ்த்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "என்னக்கா, பாஸா ஃபெயிலா? ராத்திரியெல்லாம் என் வீட்டுக்காரி கேக்குறா, நெஞ்சுல மூட்டை ஏத்தின மாதிரி ஏன் பொரண்டு பொரண்டு படுக்கிறேன்னு."

"பாஸ்டா. போய்ப் படுத்துத் தூங்கு."

"அப்ப மூட்டையை இறக்கிடவா?"

"இரு, முதல்ல எல்லாருக்கும் காபி போட்டுட்டு வரேன்."

அம்மா சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து மகள் கண்டு நெடுங்காலம் ஆகிறது. முன்வாயில் ஒரு பல் போயிருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

*

காபிக்கு உதவி செய்யலாம் என்று மகள் பின்னாலேயே இறங்கினாள். அம்மா நேரே அடுப்படிக்குப் போனாள். மகள் ஹாலைக் கடக்கும்போது அப்பாவின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில், கறுப்புத் தரையில், வெள்ளையாக ஒரு பொடிக் கோடு கண்ணில் பட்டது. தொட்டுப் பார்த்தாள். சுண்ணாம்பு. துடைக்கலாம் என்று துணியைத் தேடியவள், அது எங்கிருந்து வந்தது என்று நிமிர்ந்து பார்த்தாள்.

ஹாலின் நடுவே, மாடியைத் தாங்கிக்கொண்டு, குறுக்காக ஒரு கான்கிரீட் பீம் ஓடுகிறது. அதன் பக்கவாட்டில் ஒரு படம் தொங்குகிறது. ஆற்றின் குறுக்கே பாதி கட்டிய பாலம். அதன் நுனியில் தலையில் ஹெல்மெட்டோடு இளவயது இன்ஜினியர். வழக்கமாகச் சுவரில் இருக்கிற படம். போன வாரம்தான் ஆள் வைத்துப் பீமில் ஆணி அடித்து அங்கே மாட்டினார். "அவ்வளவு உசரத்துல யார் பாப்பாங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "பாக்க வேண்டியவங்க பாப்பாங்க" என்றார்.

படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, நேராக்கலாம் என்று சட்டத்தைத் தூக்கினாள்.

பின்னால், பீமின் மேல் ஒரு விரிசல். தலைமுடியை நீட்டி ஒட்டினாற்போல. அதன் குறுக்கே, இரண்டு பக்கமும் பிளாஸ்டர் பூசி, ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டியிருந்தது. கண்ணாடி நட்டநடுவில் துண்டாகியிருந்தது.

அது அவள் கொண்டுவந்த கண்ணாடி.

போன வாரம் அப்பா அவளை அருகே கூப்பிட்டு, "கடையில வேண்டாத கண்ணாடித் துண்டு கிடைக்குமா? மெலிசா, விரல் நீளத்துக்கு. ரெண்டு போதும்" என்றார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவர் அவளிடம் ஒன்று கேட்டதே பெரிய விஷயம். கையைக் கிழித்துவிடக் கூடாதே என்று, கடை மிஷினில் ஓரமெல்லாம் வழவழவென்று தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். தேய்த்த ஓரத்தை இப்போது விரலால் தொட்டாள். அவள் கைவேலை அவளுக்குத் தெரியாதா?

கண்ணாடி எதற்கு என்பதும் தெரியும். அவள் சின்னப் பெண்ணாக இருக்கையில், லீவில் வந்த அப்பா சாப்பிடும்போது சொல்லிக்கொடுத்தது. பழைய பாலத்தில் எங்கே பிளக்கும் என்று சந்தேகமோ அங்கே குறுக்காகக் கண்ணாடியை ஒட்டி வைப்பார்களாம். காகிதம் இழுபடும், தகரம் வளையும். கண்ணாடி எதற்கும் வளைந்து கொடுக்காது. கட்டடம் துளி அசைந்தாலும் உடைந்துவிடும். அந்தக் கதையைக் கேட்டு அவள் கண் விரிந்து உட்கார்ந்திருந்தது அவளுக்கு நினைவிருந்தது.

எங்கே பிளக்கும் என்று சந்தேகமோ அங்கே. மூட்டை ஏறுவதற்கு முன்பே.

"பாத்துட்டியா?"

இன்ஜினியர் முகத்தில் சவர நுரையோடு, தோளில் துண்டோடு நின்றிருந்தார்.

ஸ்டூலில் நின்றபடியே அவள் கேட்டாள். குரல் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டாள். "இங்கதான் விரிசல் விடும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"தெரியாம இருக்குமா? என் பீம்." துண்டால் ஒரு கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "மேல அறையோட சுவர் உக்காந்திருக்கிறதே இது மேலதான். மூட்டைப் பாரமெல்லாம் சுவர் வழியா நேரா இங்க இறங்கும். மேல அந்த முள் எங்க நின்னா எனக்கென்ன?"

"அப்ப அந்தக் கருவி, சிவப்புக் கோடு..."

"அது உங்கம்மாவுக்கு. ராத்திரி பொழுது போகணுமில்ல."

மகள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். அடுப்படியில் டம்ளர்கள் மோதுகிற சத்தம். அம்மா ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இப்பவே மூட்டையை இறக்கச் சொல்றேன். இதுக்குக் கீழ ஒரு இரும்புத் தூணை முட்டுக் குடுத்தா நிக்குமில்ல?"

"பேஷா நிக்கும். நம்ம காலத்துக்கு அப்புறமும் நிக்கும்."

"குடுத்துடலாம்ப்பா. அம்மாவுக்கு இது தெரியவே வேண்டாம்."

"முட்டுக் குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"என் வீட்டுல நான் போடாத அறை எதுக்கு?" இன்னொரு கன்னத்தையும் துடைத்தார். "தாங்காதுன்னு நான் வாயால சொன்னேன். உங்கம்மா தெருவே கேக்குற மாதிரி 'இத்தனை நாள் தாங்குதே'ன்னா. இப்ப அவளே நேர்ல பாக்கட்டும். நாளைக்கு ஆள் வந்து இடிப்பாங்க. நீ பயப்படாதே, விழாது. மயிரிழை விட்டுட்டு நின்னுடும். அந்த அளவுக்குக் கணக்குப் போட்டுத்தான் மூட்டை ஏத்தினேன்."

அடுப்படியில் ராகம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று மகள் கவனிக்கவில்லை. அம்மா காபித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

*

அம்மா தட்டைக் கீழே போடவில்லை. பதறவும் இல்லை. நடந்து வந்து, தட்டைச் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்து மேஜையில் வைத்து, படம் தொங்கும் இடத்தை அண்ணாந்து பார்த்தாள். மகள் மறுபடி ஸ்டூலில் ஏறிச் சட்டத்தைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது.

"ஏன் இது தாங்கலை?" என்று கேட்டாள். ஓடாத கடிகாரத்தை யாராவது கொண்டுவந்தால் விசாரிக்கிற அதே நிதானம்.

"தாங்குற மாதிரி போடலை."

"மாடிக்கும் சேத்துத்தான் போட்டிருக்கேன்னு சொன்னீங்களே. போன்ல. அந்தப் பாலைவனத்து ஊர்ல இருந்தப்ப."

"சொன்னேன்."

"அதை நம்பித்தானே மேஸ்திரிகிட்ட, தைரியமா எடு, அவர் மாடிக்கும் சேத்துப் போட்டு வெச்சிருக்கார்னு சொன்னேன்."

இன்ஜினியர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். சர்க்கரை போதவில்லையோ என்னவோ, முகம் சுளித்தார்.

"வீடு கட்டினப்ப உன் தங்கச்சியைக் கூட்டிட்டு வந்து மாடியில வெச்சுக்குவேன்னு ஒத்தக் கால்ல நின்னே. ஞாபகம் இருக்கா? வேண்டாம்னு சொன்னா ஒப்பாரி வெப்பே. சரின்னு சொன்னா அவ மறுநாளே கோலை ஊணிக்கிட்டு வந்து நிப்பா. அப்புறம் காலத்துக்கும் அவ சோறு, அவ மருந்து, அவ மூக்குச் சிந்தல். அதனால வாயால சரின்னேன். பீம் கம்பியில வேண்டாம்னு குறைச்சுப் போட்டுட்டேன்."

மகள் படத்தை விட்டுவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

சித்தியை மகளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கால் சூம்பி, ஊன்றுகோலோடு நடப்பாள். கல்யாணம் இல்லை. ஒவ்வோர் உறவுக்காரர் வீட்டிலும் கொஞ்ச நாள், அவர்கள் முகம் மாறுகிற வரைக்கும். இங்கே வரும்போதெல்லாம் ஹாலில்தான் படுப்பாள், இந்தப் பீமுக்கு நேர் கீழே. "மேல உனக்கொரு அறை வருதுடி" என்று அம்மா சொல்லுவாள். "ஜன்னல் பெருசா வை அக்கா. படுத்துக்கிட்டே ஆகாசம் தெரியணும்" என்பாள் சித்தி. வேறு யாரோ ஒருவர் வீட்டில், உடைந்த நாற்காலிகளும் பழைய டின்களும் கிடந்த ஸ்டோர் ரூமில் செத்துப்போனாள். இரண்டு நாள் யாரும் கதவைத் தட்டிப் பார்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்கு அப்புறம்தான் அம்மா மாடியில் கை வைத்தாள். ஜன்னலைப் பெரிதாக வைத்தாள்.

"ஒவ்வொரு தடவையும் கேட்டேன்" என்றாள் அம்மா. "மாடி எடுத்துடவா, எடுத்துடவான்னு. வந்து பாத்துட்டுச் சொல்றேன்னீங்க."

"சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. அவ முந்திக்கிட்டா."

"அப்பா!" என்றாள் மகள்.

"என்ன அப்பா? பொய்யா சொல்றேன்? நான் எது போட்டாலும் காரணத்தோடதான் போடுவேன். அது எதுக்குப் போட்டேனோ அந்த வேலையை ஒழுங்காச் செஞ்சிருக்கு." பீமைக் கண்ணால் காட்டினார். அந்தப் பார்வையில் ஒரு பெருமைகூட இருந்தது.

அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"காபி ஆறிடும். குடிங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

*

சற்று நேரத்தில் மேஸ்திரி தன் ஆட்களோடு இறங்கி வந்தான். முகத்தில் காலையில் இருந்த விளையாட்டு இல்லை.

"எங்க போறே?" என்றார் இன்ஜினியர். "மூட்டையை யாரு இறக்குறது?"

"அக்கா இறக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார். கூப்பிடும்போது வான்னாங்க."

"நான் சொல்றேன், இறக்கு!"

மேஸ்திரி தலையைச் சொறிந்தான். "என்னைக் கூப்பிட்டு வேலை குடுத்தது அக்காதானே சார்" என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டினான். வெகு தூரம் போகவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் மண் அள்ளுகிற தள்ளுவண்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மகள் மேலே ஓடினாள்.

அம்மா மேஜையில் உட்கார்ந்து ஒரு பெண்கள் கைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டிருந்தாள். கூரையிலிருந்து அவ்வப்போது பூச்சுப் பொடி ஒன்றிரண்டாக உதிர்ந்தது. திறந்த கடிகாரத்தின்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடியிருந்தாள்.

"அம்மா, கீழ வா. இங்க உக்காராதே."

"வேலை கிடக்கு."

"மூட்டை இறங்கட்டும். அப்புறம் வந்து வேலை பாரு."

"இறங்கும்." டம்ளரைத் தூக்கி, இடுக்கியால் ஒரு திருகாணியை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தாள். "அவரை மேல வரச் சொல்லு. இந்த அறைக்குள்ள வந்து, இந்த ஜன்னல் பக்கத்துல உக்காரட்டும். என் தங்கச்சி பேரைச் சொல்லட்டும். உனக்கு இடம் இல்லாமப் பண்ணினது நான்தான்னு அவகிட்டச் சொல்லட்டும். சொன்ன உடனே மூட்டை இறங்கும். நாளைக்கு அறையை இடிச்சுக்கட்டும். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

மகள் இறங்கிப் போய்ச் சொன்னாள்.

"முட்டி வலிக்குதுன்னு சொல்லு."

ஏறிப் போய்ச் சொன்னாள்.

"மெதுவா வரட்டும். எனக்கு அவசரம் இல்லைன்னு சொல்லு."

இறங்கிப் போய்ச் சொன்னாள்.

"செத்தவகிட்ட என்ன பேச்சு? பேரே எனக்கு மறந்துபோச்சுன்னு போய்ச் சொல்லு."

அதை அவள் கொண்டுபோகவில்லை. பாதிப் படி வரைக்கும் ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பி வந்தாள்.

"உங்கம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை."

"பசிச்சா தானா இறங்கி வருவா" என்றார் அவர்.

வெயில் ஹாலுக்குள் நீண்டு, சுருங்கி, நாற்காலிக் காலைத் தொட்டுவிட்டுப் போனது. அடுப்படியில் யாரும் எதுவும் சமைக்கவில்லை. அவர் செய்தித்தாளைப் படித்தார். படித்த பக்கத்தையே மறுபடியும் படித்தார்.

"இன்னொரு கண்ணாடி எங்கப்பா?" என்று கேட்டாள் மகள்.

"எந்தக் கண்ணாடி?"

"ரெண்டு கொண்டுவந்தேனே."

"டிராயர்ல இருக்கு. எதுக்கு?"

அவள் டிராயரைத் திறந்து அதை எடுத்தாள். மிச்சமிருந்த பிளாஸ்டர் பவுடரைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். பாலத்துப் படத்தை ஆணியிலிருந்து கழற்றிச் சுவர் ஓரமாகத் தரையில் சாய்த்து வைத்தாள். ஸ்டூலில் ஏறி, உடைந்த துண்டுக்குக் கீழே, விரிசலுக்குக் குறுக்காகப் புதிய கண்ணாடியை வைத்து இரண்டு பக்கமும் பூசினாள். விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காய்கிற வரைக்கும் நின்றாள்.

"எல்லாம் நினைவு வெச்சிருக்கியே!" என்றார் இன்ஜினியர். நிஜமாகவே சந்தோஷப்பட்டார் போலிருந்தது. "உன்னை இன்ஜினியரிங் படிக்க வெச்சிருக்கணும். கல்யாணத்துக்கு ஆன செலவாவது மிஞ்சியிருக்கும்."

"விரிசல் நின்னுடுச்சா, இல்ல இன்னும் நடக்குதான்னு பாக்கணுமில்ல" என்றாள் அவள், அவர் பக்கம் திரும்பாமல்.

"நின்னாச்சு. என் கணக்கு இதுவரைக்கும் தப்பினதில்லை. ஆத்துக்கு நடுவுல பாலத்தோட நுனியில ஒண்டியா நின்னவன் நான். பாக்குறியா?" நாற்காலியை இழுத்துப் பீமுக்கு நேர் கீழே போட்டார். கண்ணாடித் துண்டு சரியாக அவர் உச்சந்தலைக்கு மேலே இருந்தது. கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "இங்கதான் உக்காந்திருப்பேன். போய் உங்கம்மாகிட்டச் சொல்லு. என் பீமுக்குக் கீழ நான் உக்காந்திருக்கேன்னு."

மகள் படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து அப்பா தெரிந்தார். தலையை உயர்த்தினால் மேலே அம்மாவின் கதவும் தெரிந்தது. எழுந்து யார் பக்கம் போவது என்று தெரியாததால் உட்கார்ந்தேயிருந்தாள். மாடியில் கடிகாரங்களின் சத்தம். அவற்றுக்கு நடுவே இடுக்கி மேஜையில் வைக்கப்படுகிற மெல்லிய சத்தம். அம்மா வேலை செய்துகொண்டேயிருந்தாள்.

இன்ஜினியர் கண்ணை மூடியிருந்தார். தூங்குவதுபோல மூச்சு.

கண்ணாடி உடைவதற்குப் பெரிய சத்தமெல்லாம் கிடையாது. நகம் வெட்டும்போது வருமே, அவ்வளவுதான். மகளுக்கு அது காதில் விழுந்து, என்ன சத்தம் என்று மனசுக்குப் பிடிபடுவதற்குள் நாற்காலி காலியாகியிருந்தது.

முட்டி வலிக்காரர் அவ்வளவு வேகமாக நடந்து அவள் பார்த்ததில்லை. படிக்கட்டுப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மேலே பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. கை மட்டும், அது பாட்டுக்கு, கதவோரத்து ஆணியில் பல தேசம் பார்த்துவிட்டுத் தொங்கிய மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்தது. வாசல். படி. கேட் கிறீச்சிட்டுத் திறந்தது.

தெருவின் எதிர்ப்பக்கத்தில், தள்ளுவண்டிமேல் உட்கார்ந்திருந்த மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டான். இன்ஜினியர் அவனையும் தாண்டிப் போய், வீட்டின் உயரத்தைக் கண்ணால் அளந்து, இன்னும் ரெண்டு அடி பின்னால் தள்ளி நின்றார். பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

"இறங்கி வாங்க!" என்று அங்கிருந்து கத்தினார். "ரெண்டு பேரும் வெளிய வாங்க!"

மகள் எழுந்து நின்றாள். திறந்த வாசல் வழியாக, வெயிலில், மஞ்சளாக அவர் தலை தெரிந்தது.

மாடியில் இடுக்கியின் சத்தம் நின்றது.

"யாரு பாப்பா கேட்டைத் திறந்தது?"

"அப்பாம்மா."

"எங்க?"

"வெளிய போய் நிக்கிறார். ஹெல்மெட் போட்டுக்கிட்டு."

அம்மாவின் குரல் வந்தது. டாக்ஸி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து வருமே, அதே குரல். கோபம் இல்லை, அழுகை இல்லை.

"எத்தனை வருஷத்துக்காம்?"

மகள் வாசலை ஒரு தடவை பார்த்தாள். பீமை ஒரு தடவை பார்த்தாள். பிறகு படியில் கால் வைத்தாள், மேலே போகிற படியில்.